பில்லின் முதுகில் ஒரு கையெழுத்து

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் சிவப்பு வெளிச்சம், பிறகு பச்சை, பிறகு ஊதா. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில், பெண் பார்க்க வந்தவர்களைப் போல இரண்டு இளைஞர்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள்.

“மாப்ள, இதுதான்டா வேணும். நம்ம பயலுக பாத்தா வாயப் பொளக்கணும்” என்றான் அழகுபாண்டி.

“நான் இருக்கேன்ல? நீ சொன்ன காசுக்குள்ளயே இம்புட்டையும் முடிச்சுத் தாரேன்” என்றான் ஜெயபாண்டி.

அழகுபாண்டி செல்லூர்க்காரன். வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு விசைத்தறி. நெய்த துண்டுகளை ஏற்றிப் போகக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. அதை ஓட்டுவது அவன்தான். பகலெல்லாம் தறிச் சத்தத்திலும் ஹாரன் சத்தத்திலும் கிடப்பவனுக்கு, சாயங்காலம் கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாட ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருட ஆசை. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

ஜெயபாண்டி ஆனையூர்க்காரன். வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுக்கிற வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து அழகுபாண்டிக்குக் கூட்டாளி. பத்துப் பதினைந்து வீடியோ பார்த்த தெம்பில், கம்ப்யூட்டர் என்றால் ஜெயபாண்டிதான் என்று பெயர் வாங்கியிருந்தான். நம் ஊரில் இது ஒரு வழக்கம். பழைய பைக் வாங்கினாலும் சரி, கறவை மாடு வாங்கினாலும் சரி, விவரம் தெரிந்தவன் ஒருவனைக் கூட்டிக்கொண்டுதான் போவோம். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று நாமும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

கீழே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வழியை மறித்து நின்றது அழகுபாண்டியின் குட்டியானை. “நீ பாத்து முடி மாப்ள. வண்டிய ஒதுக்கிட்டு வாரேன்” என்று அவன் படியிறங்கி ஓடினான். வினை அந்தப் பத்து நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தது.

கடைக்காரர் பெயர் சுருளி. நாற்பது வயது. ஒரு துண்டுத்தாளில் ப்ராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக விலை எழுதிக் கூட்டிப் பார்த்தார். “மூவாயிரம் எகிறுது தம்பி. அந்தக் கண்ணாடிப் பெட்டிய விட்டுருங்க. சாதாப் பெட்டி போட்டா கணக்குச் சரியா வந்துரும்.”

ஜெயபாண்டிக்கு முகம் கறுத்தது. இப்படி ஒரு பெட்டியை வாங்கித் தருவதாக டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். இப்போது போய் முடியாது என்றால் பெயர் என்னாவது? தாளை மேலும் கீழும் பார்த்தவன், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தான்.

“இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு விலை? அந்த மூலையில கெடக்கே, அந்த லோக்கல் பவர் சப்ளையப் போடுங்க.”

“வேணாம் தம்பி. அது பில்லடிக்கிற கம்ப்யூட்டருக்குப் போடுறது. இந்தக் கிராபிக்ஸ் கார்டு இழுக்குற கரண்டுக்கு அது தாங்காது. செல்லூர்னு வேற சொல்றீங்க. தறி ஓடுற லைன்ல கரண்டு ஏறி எறங்கும். வெடிச்சுப் போகும்.”

“எனக்குத் தெரியாததாண்ணே? நான் வீடியோல பாத்துருக்கேன். அதெல்லாம் ஓடும். போடுங்க.”

சுருளி அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சொல்லச் சொல்லக் கேட்காமல் வாங்குகிறவர்களிடம், பில் புத்தகத்திலேயே தங்கிவிடும் கார்பன் நகலின் பின்பக்கம் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். ‘இந்தப் பவர் சப்ளை தாங்காது என்று சொல்லியும் கஸ்டமர் கேட்டு வாங்கியது’ என்று எழுதி நீட்டினார். ஜெயபாண்டி அதைப் படிக்கக்கூடச் செய்யாமல் கிறுக்கினான். அழகுபாண்டி மூச்சு வாங்க மேலே வந்தபோது, கண்ணாடிப் பெட்டி அட்டைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

“எப்புடி மாப்ள முடிச்ச?”

“அதுக்கெல்லாம் மண்டையில சரக்கு வேணும்டா.”

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே நாலு தறியும் ஒன்றாகக் கிளம்பிய நேரம். அழகுபாண்டி விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். அவனுடைய அம்மா சீனியம்மாள் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றாள். படீரென்று வெடித்தது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தீ பீறிட்டு ஜன்னல் திரையைப் பிடித்தது. சீனியம்மாள் யோசிக்கவே இல்லை, எரிகிற திரையை வெறுங்கையால் இழுத்துப் போட்டு மிதித்தாள். தீ அணைந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவளுக்குத் தோல் வழன்றுபோயிருந்தது.

ஜெயபாண்டி ஓடிவந்தான். கருகிய பெட்டியைத் திருப்பியதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. உள்ளே இருந்த அந்த லோக்கல் பவர் சப்ளைதான் வெடித்திருந்தது. பக்கவாட்டுத் தகரம் கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்தான். அழகுபாண்டி நின்றான். கூட்டாளிகள் இரண்டு பேர் நின்றார்கள். ஓரத்தில் சீனியம்மாள் மருந்து தடவிய கையை வாழையிலையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“என்னடா மாப்ள ஆச்சு?”

என் தப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இரண்டு சொல்லை அவன் சொல்லவில்லை. “கடைக்காரன் டூப்ளிகேட்டத் தள்ளிவிட்டுட்டான் மாப்ள” என்றான்.

அழகுபாண்டி அம்மாவின் கையைப் பார்த்தான். பிறகு கீழே இறங்கி, தறிக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த கனத்த மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். ‘இருடா, கேட்டுட்டு வருவோம்’ என்று கூட ஏறிய மூன்று பேரில் ஒருவன்கூடச் சொல்லவில்லை. கூட்டாளி என்றால் கூடப் போய் அடிக்கிறவன் என்று எந்த மடையன் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை.

கடையில் சுருளி தனியாக இருந்தார். யாருடைய லேப்டாப்பையோ பிரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தவர், காலடிச் சத்தம் கேட்டு, “வாங்க தம்பி” என்று நிமிர்ந்தார். அழகுபாண்டியின் முதல் அடி மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி தெறித்து அவர் நெற்றியைக் கிழித்தது. ஒருவன் அலமாரியைச் சரித்தான். மானிட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நொறுங்கின. இன்னொருவன் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு முறை, இரு முறை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

“எங்க ஆத்தா கைய எரிச்சுட்டு வாங்கன்னா கூப்புடுற?” அழகுபாண்டி அவர் வயிற்றில் உதைத்தான். சுருளி மடங்கி விழுந்தார். விழுந்த இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு.

“தம்பி… ஒரு நிமிசம். வேணாம்னு நான் சொன்னேன். அந்தா நிக்கிறாரே, அந்தத் தம்பியவே கேளுங்க. எழுதி வாங்கி வச்சிருக்கேன்.”

அழகுபாண்டியின் கை நின்றது. திரும்பி ஜெயபாண்டியைப் பார்த்தான். “என்னடா சொல்றான்?”

ஜெயபாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நினைத்திருந்தால் அந்த நொடியில்கூட எல்லாம் நின்றிருக்கும்.

“பொய் சொல்றான் மாப்ள.”

“பில் புக்க எடுத்துக் காட்டுறேன்” என்று சுருளி தவழ்ந்து மேஜை இழுப்பறைக்குள் வலது கையை விட்டார். “டேய், என்னமோ எடுக்குறான்டா!” என்று கூட வந்தவன் கத்தினான். மரக்கட்டை இறங்கியது. இழுப்பறையின் விளிம்புக்கும் கட்டைக்கும் நடுவில் மணிக்கட்டு சிக்கி, காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. சுருளி போட்ட அலறலில் கீழே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அழகுபாண்டி அதோடும் விடவில்லை. அதே கையின் மீது இன்னும் இரண்டு அடி.

கீழே ஆட்கள் கூடும் சத்தம் கேட்டு மூன்று பேரும் இறங்கி ஓடினார்கள். ஜெயபாண்டி மட்டும் பின்தங்கினான். உடைந்த இழுப்பறையிலிருந்து பில் புத்தகம் வெளியே விழுந்து கிடந்தது. துடித்துக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் போய், பக்கங்களைப் புரட்டி, தன் கையெழுத்து இருந்த தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்தான். சுருளி அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தார். வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற அவர் மனைவி கனகாவும் பார்த்தாள். அவளை இடித்துத் தள்ளிவிட்டு அவன் இறங்கி ஓடினான்.

சாயங்காலத்துக்குள் அழகுபாண்டியையும் மற்ற இரண்டு பேரையும் போலீஸ் பிடித்துவிட்டது. கடைக் கேமராவில் அவர்கள் அடித்தது தெளிவாக இருந்தது. ஜெயபாண்டி யார் மீதும் கை வைக்கவில்லை. வாசல் ஓரமாக நின்ற அவனைக் கேமரா பாதிதான் பிடித்திருந்தது. மேஜைக்குப் பின்னால் குனிந்து தாளைக் கிழித்தது அதில் விழவே இல்லை. அவனைத் தேடி யாரும் வரவில்லை. தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. அந்தத் தாளை நாலு தடவை கிழிக்கப் போனான். நாலு தடவையும் முறிகிற சத்தம் காதில் கேட்டது.

விடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வராந்தாவில் கனகா உட்கார்ந்திருந்தாள். சேலையில் ரத்தம் காய்ந்து கறையாக இருந்தது. அவன் தாளை நீட்டினான். அவள் வாங்கிப் படித்துவிட்டு எழுந்தாள். அவன் கன்னத்தில் விட்ட அறையில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“நீ கிழிச்சுட்டுப் போனத ஸ்டேசன்ல சொன்னேன். காயிதம் எங்கம்மான்னு கேக்குறாங்க. நான் எங்க போக?” அவளுக்குக் குரல் உடைந்தது. “உள்ள கம்பி வச்சுக் கட்டியிருக்காக. ரெண்டு வெரலு மடங்குமா மடங்காதான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் சொல்லுவாகளாம். பொடிப்பொடி ஸ்க்ரூ பிடிக்கிற கைடா அது! அந்தப் பய கோவத்துல கண்ணு தெரியாம அடிச்சான். நீ நல்லாக் கண்ணு தெரிஞ்சுதான நின்ன?”

“ஸ்டேசனுக்குப் போவோம்க்கா. நானே சொல்லிடுறேன்” என்றான்.

ஸ்டேஷனில் அழகுபாண்டியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக லாக்கப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். ஜெயபாண்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. “எதுக்கு மாப்ள நீ வந்த? நாங்க பாத்துக்கிறோம். ஆத்தாவ மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிட்டு வா.”

அந்த அன்பைத்தான் ஜெயபாண்டியால் தாங்க முடியவில்லை. எஸ்.ஐ. மேஜையில் தாளை வைத்தான். “சார், அந்தப் பவர் சப்ளை வேணாம்னு அவரு சொன்னாரு. நான்தான் கேக்கல. இது என் கையெழுத்து. அவரு சொன்னத பொய்யின்னு சொல்லி அடிக்க வச்சதும் நான்தான். என் பேரையும் எழுதிக்கங்க.”

அழகுபாண்டிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பாய்ந்தான். முதல் குத்தில் ஜெயபாண்டியின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. மூன்றாவதில் அவன் சுவரோடு சரிந்தான். தடுக்கக் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு காவலர்கள் சேர்ந்து அழகுபாண்டியை இழுத்துப் பிடித்தார்கள்.

எஸ்.ஐ. சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதி நீட்டினார். “படிச்சுப் பாத்துப் போடு.” வாயில் ரத்தத்தோடு ஜெயபாண்டி இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அழகுபாண்டி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கனகாவின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தான்.

“அக்கா, காயிதத்தக் காட்டுறேன்னுதான அவரு கைய நீட்டுனாரு. அந்தக் கையத்தான ஒடச்சேன்” என்று விம்மினான். பிறகு தரையில் கிடந்த கூட்டாளியைப் பார்த்தான்.

“டேய் ஜெயபாண்டி. கம்ப்யூட்டரு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது, வண்டி ஓட்டி இன்னொண்ணு வாங்கிருப்பேன். வெவரம் தெரியாம வாங்கிட்டேன், என் தப்பு மாப்ளன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு நாளு உன்ன வைதுருப்பேன், அம்புட்டுத்தான். நீ பேருக்குப் பயந்து பொய் சொன்ன. நான் கூட்டாளி பேச்சுன்னு விசாரிக்காம அடிச்சேன். தப்ப ஒத்துக்கிட வாயில்லாதவனும், கேக்கக் காதில்லாதவனும் கூட்டாளியாச் சேந்தா, அடி விழுகுறது எப்பவும் தப்புச் செய்யாதவன் மேலதான்டா.”