ஆண்டுதோறும் சரிபார்க்கப்படுகின்றன

...எனினும் என்ற சொல்லுக்குப் பிறகு கமா வேண்டுமா வேண்டாமா, போன வருஷம் போட்டிருந்தாள், அதற்கு முந்தின வருஷமும்... கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தைக் கொள்கையளவில் மதிக்கிறோம், எனினும், எல்லைப் பாதுகாப்பைக் கருதி இப்போதைக்குக் கையெழுத்திட இயலாத நிலையில் உள்ளோம். பதினோரு வருஷமாக இதே பாட்டு, ஒப்பந்தச் செயலகத்துக்குப் போகும் ஆண்டுக் கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்ப வெளியுறவுத் துறையில் ஒரு வரைவு அதிகாரி, அவளுக்கு ஒரு மேசை, மின்விசிறி வேறு. நாலு மணிக்குள் வேண்டுமாம். மூன்றாம் பத்தியைத் தாண்டிக் கண் நகர மாட்டேன் என்கிறது. ‘புதைத்த இடங்களின் வரைபடங்கள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்படுகின்றன.’ அவள் எழுதிய வரி. யாரும் சொல்லி எழுதவில்லை, கடிதம் மொட்டையாக இருக்கிறதே என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில், கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட... யார் சரிபார்க்கிறார்கள் என்று ஒருத்தராவது கேட்டார்களா? துணைச் செயலர் பலே என்றார், அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள், சீ.

நேற்று ஆஸ்பத்திரியில் தம்பி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எல்லையில் ரோந்து போன சிப்பாய், வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது, அதைப் பார்க்காமலிருக்க அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். எதிரி வைத்ததாடா என்றதற்கு, “இல்லக்கா, நம்ம வெடிதான். மழையில மண்ணோட நகர்ந்துடுச்சு. மேப்புல அந்தப் பாதையில ஒண்ணுமே இல்ல, கீழ அச்சடிச்சே இருக்கு, ‘ஆண்டுதோறும் சரிபார்க்கப்படுகின்றன’ன்னு... நம்பித்தானே கால வெச்சேன்.” ஒரு சுளையைப் பிரித்து அவன் கையில் வைத்தாள். அவளுடைய வார்த்தைகள், ஓர் எழுத்துக்கூட மாறாமல், கடிதத்திலிருந்து மேப்புக்கு எப்படிப் போயின? வெளியுறவுத் துறையே எழுதிவிட்டது, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ராணுவத்தில் எவனோ எடுத்துப் போட்டிருப்பான், ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்றுதானே அவளும் எழுதினாள், ஐயோ, கடைசியில் யாருமே பார்க்கவில்லையே... “அத எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சான்னா,” என்றான் தம்பி. “சாப்பிடுடா,” என்றாள்.

வரியை அழித்தாள். பின்னால் துணைச் செயலர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“மூணாம் பத்தியில அந்த வரி எங்கம்மா?”

“அது உண்மையில்ல சார்.”

“யாராவது கேட்டாங்களா?”

“இல்ல சார்.”

“கேக்காத கேள்விக்குப் பதில் எதுக்கு? எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

போய்விட்டார். அவ்வளவுதானா? ஒரு பெருமூச்சுகூட விடாமல் எடுத்துவிட முடிகிற வரியா அது, அதற்கா ஒரு கால்... கடிதத்தில் இப்போது பொய் இல்லை, கையெழுத்திட மாட்டோம் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது, மண்ணுக்குள் இருப்பவையும் அப்படியே. சாயங்காலம் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே, எப்படி ஆரம்பிப்பது, மனசு பாட்டுக்கு வாக்கியங்களை அடுக்கத் தொடங்கியது, டேய், பதறாமல் கேள், பல வருஷங்களுக்கு முன்னால், போதிய விவரம் இல்லாத நிலையில், அந்த வரி எழுதப்பட்டுவிட்டது... எழுதப்பட்டுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாள். நான் என்ற சொல்லை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.