நெஞ்சுக்குள் நாலு ஊசி

"மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. விடுங்க."

மூன்றாவது தடவையாக நிங்ரும் மூச்சைப் பிடித்து விட்டாள். எக்ஸ்ரே எடுக்கிற ஆள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சங்கிலி ஏதும் போட்டிருக்கீங்களாக்கா? ஊக்கு கீக்கு?"

உடம்பில் பொட்டுத் தங்கம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தங்கம் இருந்தது. தோலுக்கு உள்ளே இருந்தது.

பத்தொன்பது வயதில் பன்யுவாங்கி ஊரில் ஒரு கச்சேரிக் குழுவில் பாடச் சேர்ந்தபோது, முதலாளி ஜுமாலி பாட்டுக்காரிகளை வேனில் அள்ளிப்போட்டு ஒரு மந்திரவாதியிடம் கொண்டுபோனார். மயிரிழைத் தடிமனில் தங்க ஊசி. மந்திரம் ஓதிக் கழுத்தெலும்புக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு செருகினான். சுசுக் என்பார்கள். குத்திக்கொண்டால் முகமும் குரலும் கூட்டத்தைக் கட்டிப்போடுமாம். குத்திக்கொள்ளாதவளுக்கு மேடை கிடையாது என்று ஜுமாலி கறாராகச் சொல்லிவிட்டார். மேடையை விட்டு வந்து சுரபாயாவில் சலவைக்கடையில் சேர்ந்த பிறகு, அடைத்த பல்லை மறப்பதுபோல நிங்ரும் அதை மறந்தே போயிருந்தாள்.

எக்ஸ்ரே ஆளுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? கைபேசியில் திரையைப் படம்பிடித்துக்கொண்டு வரவேற்பு மேஜைக்கு ஓடினான் பாவி. அங்கே மூன்று தலைகள் கைபேசி மேல் கவிழ்ந்தன. அடுத்துப் போனவள் அவளுடைய தோழி யாயுக். திரும்பி வந்தவன், ஒரு கண் கைபேசியில் இருக்க, அவளுக்கு ஒரே அமுக்கில் படம் எடுத்து "ஆச்சு, போங்க" என்று அனுப்பிவிட்டான்.

"எனக்கு ஒரே தடவைதான்டி. நல்ல பிள்ளைன்னா அப்படித்தான்" என்றாள் யாயுக், பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு. "உன்னை மட்டும் ஏன்டி மூணு தடவை வறுத்தெடுத்தான்?"

நிங்ரும் காதோடு சொன்னாள். யாயுக் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அதான் சலவைக்கடைக்கு ஆம்பளைங்க சுத்தமான சட்டையையும் தூக்கிட்டு வர்றானுங்களா!"

நிங்ருமுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷம் பழம் பறித்துச் சுற்றிப் பார்த்து வர விசா கேட்டிருந்தார்கள். முப்பத்தோரு வயது முடிந்தவர்கள் அதைக் கேட்கவே முடியாது. நிங்ருமுக்கு அடுத்த மாதம் முடிகிறது. நெஞ்சில் காசநோய் இல்லை என்று இந்த கிளினிக்கிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போக வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி. மறுபடி போட வயது இருக்காது.

டாக்டர் ஹர்சோனோ அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. படம் திரையில் ஒளிர்ந்தது. நாலு ஊசியும் பளிச்சென்று தெரிந்தன.

"நுரையீரல் எப்படி இருக்கு டாக்டர்?"

"அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. ஆனா இந்தக் கண்றாவியை நான் எப்படிம்மா அனுப்புறது? அங்க உட்கார்ந்து பாக்கிறவன் நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பான்? காட்டுவாசிங்கன்னு நினைக்க மாட்டான்? போய் எடுத்துட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

"வெச்ச மந்திரவாதியே செத்துப்போயிட்டார். அறுத்து எடுக்கிறதுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கிற காரியமா?"

"அது உன் பாடு. கடவுளுக்குப் பயந்த குடும்பத்துப் பொண்ணு செய்யற வேலையா இது? வெளிய உட்காரு. யோசிக்கிறேன்."

வெளியே வந்தாள். கன்னம் பற்றி எரிந்தது. வரவேற்பு மேஜைக்காரி தங்க வாழை என்கிற ரகத்தில் ஒரு சீப்புப் பழத்தோடு காத்திருந்தாள். விரல் நீளத்தில், மஞ்சள் மஞ்சளாக.

"எடுத்துக்குங்கக்கா. காலையிலேருந்து வெறும் வயிறா இருக்கீங்களே" என்றாள். அவளுக்குப் பின்னால் எக்ஸ்ரே ஆள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சுசுக் வைத்தவர்கள் அந்தப் பழத்தைத் தொடக்கூடாது. தின்றால் ஊசி திரும்பிக் குத்தும் என்பது ஊரறிந்த சேதி. இத்தனை வருஷமாக, ஊசியை மறந்த பிறகும், பழக்கத்தில் அவளும் தொட்டதில்லை. நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் பயம் இருந்தது. இப்போதும் இருந்தது. சீப்பைச் சுற்றி இளித்துக்கொண்டு நின்ற பல்வரிசைகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பயத்தை ஆத்திரம் விழுங்கிவிட்டது.

ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். சீப்பில் பாதி காலியானது. தோலையெல்லாம் மேஜைக்காரியின் கையில் திணித்துவிட்டு எக்ஸ்ரே ஆள் பக்கம் திரும்பினாள்.

"இதையும் படம் பிடிச்சுக்கோ. முந்தி பிடிச்சதை இப்பவே என் கண்ணு முன்னாடி அழி. இல்லேன்னா நேரா போலீசுக்குத்தான் போவேன்."

எக்ஸ்ரே ஆளின் விரல் அவசரமாகக் கைபேசியைத் தடவியது. அவன் அழிப்பதைப் பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர், உங்களை எனக்குச் சளி இருக்கான்னு பாக்க வெச்சிருக்காங்களா, வெட்கம் இருக்கான்னு பாக்க வெச்சிருக்காங்களா?"

"மரியாதையா பேசும்மா."

"உங்க டாக்டர் சங்க விருந்துல நான் பாடியிருக்கேன். ஜெம்பர் ஊர்ல. ஆடிக்கிட்டே வந்து ரவிக்கைக்குள்ள நோட்டைச் செருகுனாங்களே, அதுல பாதிப் பேர் டாக்டருங்க. இந்த ஊசி அன்னிக்கும் இங்கதான் இருந்தது. அப்ப யாருக்கும் கண்றாவியா தெரியல. நெஞ்சு சுத்தமா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. அதை எழுதுங்க. ஊசி இருக்குன்னும் எழுதுங்க. எழுதாம நான் எழுந்திருக்க மாட்டேன்."

கதவு திறந்தே கிடந்தது. காத்திருந்த ஆட்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விருட்டென்று தட்டச்சு செய்து அறிக்கையை அனுப்பினார். ஆத்திரத்தோடு ஆத்திரமாக, மேஜையில் கிடந்த மற்றவர்களின் அறிக்கைகளையும் மளமளவென்று கையெழுத்துப் போட்டு ஒதுக்கித் தள்ளினார்.

அடுத்த வாரமே நிங்ருமுக்கு விசா வந்துவிட்டது. ஊசியைப் பற்றி ஆஸ்திரேலியாவில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு நுரையீரல்தான் வேண்டியிருந்தது.

யாயுக்குக்கு வந்தது வேறு கடிதம். படத்தை அங்கே ஒருவர் மறுபடி பார்த்திருக்கிறார். வலப்பக்க மேல் நுரையீரலில் நிழல் தெரிகிறது, உடனே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. சலவைக்கடை வாசலில் நின்று யாயுக் அதை வாசித்துக் காட்டினாள்.

"நிழலாம்டி. எனக்கு ஒண்ணுமே இல்லையே. கொஞ்ச நாளா ராத்திரியில வேர்க்குது, அவ்ளோதான். அன்னிக்கு நல்லா இருக்குன்னுதானே அனுப்புனாங்க?"

நிங்ரும் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேஜைக்காரி தடுக்க எழுந்தவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, விசா வந்துடுச்சாமே" என்றார் டாக்டர் ஹர்சோனோ.

நிங்ரும் யாயுக்கின் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "என் படத்தை அனுப்ப வெட்கப்பட்டீங்களே டாக்டர். இவ படத்தை அனுப்பும்போது என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டாக்டர் கடிதத்தை வாசித்தார். கணினியில் யாயுக்கின் பெயரைத் தேடினார். 'கோளாறு இல்லை' என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. படத்தைத் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக அதைப் பார்த்தார்.