யசோதாவின் நூற்றெழுபது

என் மனைவி யசோதா ஊதினால் நூற்றெழுபதுதான் வரும். நான் நோட்டில் முந்நூற்றைம்பது என்று எழுதினேன். அதில் என்ன கொலைக்குற்றம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வ்மேன் நான். அவள் அதே தெருக்களைக் கூட்டுகிறவள். ஆஸ்துமா வந்ததிலிருந்து எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றை ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றதும் சேரக் கையெழுத்துப் போட்டாள். சேர்ப்பதற்கு முன் பதினான்கு நாள், காலையும் மாலையும் மூச்சை அளக்கும் ஒரு சின்னக் குழாயில் ஊதி, முள் காட்டும் எண்ணை எழுதி வரச் சொன்னார்கள்.

அவள் ஊதுவாள், நான் எழுதுவேன். ஊதி முடித்து, குழாயை என்னிடம் நீட்டி, "எவ்ளோய்யா?" என்று கேட்பாள். அந்த முகத்தைப் பார்த்து நூற்றெழுபது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்க் குறைந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன் வேறு.

பதினைந்தாம் நாள், ஆராய்ச்சியைக் கவனிக்கும் பிரிஸில்லா நோட்டைப் புரட்டினாள்.

"இவங்க நல்லாத்தானே இருக்காங்க. மூச்சு குறைவா இருக்கிறவங்களைத்தான் இதுல எடுப்போம். சேர்க்க முடியாதுண்ணா."

உண்மையைக் கொட்டினேன்.

"அய்யோ, சும்னே ஏண்ணா கூட்டி எழுதினீங்க?" பிரிஸில்லா கன்னடம் கலந்து கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

யசோதா கத்தப்போகிறாள் என்று பயந்து நின்றேன். அவள் கத்தவில்லை.

"முள்ளைப் பார்த்துட்டுத்தான் உன்கிட்ட கொடுப்பேன். நீ முந்நூத்தம்பதுன்னு சொன்னா கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

டாக்டர் திட்டிவிட்டு இன்னொரு பதினான்கு நாள் கொடுத்தார். இந்த முறை உள்ளது உள்ளபடி எழுதினேன். நூற்றெழுபது. நூற்றறுபது. எழுதும்போது எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். வரும் வழியில் மைசூர் பாக் வாங்கினேன். பெண்டாட்டி மார்க் குறைவாக வாங்கியதற்கு இனிப்பு வாங்கியவன் பெங்களூரிலேயே நான் ஒருவன்தான். மாடிப்படியில் அவள் உட்கார்ந்த இரண்டு தடவையும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடி ஏறி முடிப்பதற்குள் டப்பாவில் பாதி காலி.