பத்து கோரும் நாலு கோரும்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சாரியில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ரபீக்கும் அவன் மனைவி ஜெஸிமாவும் கேமரா கடை நடத்திவந்தார்கள். கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி மாட்டிக் கொடுப்பார்கள். ஏணியில் ஏறி ஒயர் இழுப்பது ரபீக். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலையெல்லாம் ஜெஸிமாவுடையது.

அந்த வைகாசியில் வணிகர் சங்கம் அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் கேமராக்கள் பிடிப்பதையெல்லாம் ஒரே இடத்தில் சேமிக்க வேண்டும். வேண்டும்போது தேடியும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர். உள்ளே எந்த ப்ராசஸரைப் போடுவது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை.

ரபீக் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஒரு பழைய சர்வர் ப்ராசஸரை வாங்கிவந்திருந்தான். ஏதோ கம்பெனி கழித்துப் போட்டது. பத்து கோர்.

"பத்து ஆளு ஒரே நேரத்துல வேலை செய்யற மாதிரி. கம்பெனிக்காரன் ராப்பகலா ஓட்டியும் இன்னும் ஒண்ணும் ஆவல பாரு" என்றான்.

ஜெஸிமா கேட்டது புதிதாக வந்த ஒரு சிக்கன ப்ராசஸரை. நாலே நாலு கோர். "ஆனா இதுக்குள்ளயே வீடியோவப் பிரிக்கறதுக்குன்னு தனியா ஒரு பாகம் இருக்குதுங்க. இப்ப வர்ற கேமரா எல்லாம் வீடியோவ இறுக்கிச் சுருக்கி அனுப்புது. உங்க பழசுக்கு அந்தப் பாகம் கெடையாது. தெணறிப்போவும்."

பேசி முடியாமல், இரண்டையும் இரண்டு பெட்டிகளில் பூட்டி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாக் கேமராக்களின் பதிவையும் பிரிக்காமல் அப்படியே வாங்கிச் சேமிக்கும் சோதனையில் சின்னது அவ்வப்போது தடுமாறியது. பெரியது அசையவே இல்லை. சங்கத்தின் பொருளாளரே மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "ரபீக்கு, உன்னுதுதான்யா கெலிச்சது" என்று சொல்லிப் போனார். சேமித்ததைத் திறந்து தேடும் சோதனை மட்டும் பாக்கியிருந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பதிவுகள் எல்லாம் பெரிய பெட்டியின் டிஸ்க்கிலேயே விழுந்துகொண்டிருந்தன.

அமாவாசைக்கு மறுநாள், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்தாள். நெற்றியில் மேல்மலையனூர்க் குங்குமம் வேர்வையில் கரைந்து வழிந்திருந்தது. மஞ்சள் புடவை, சிவப்புக் கரை. கையில் துணிப்பை.

"போலீஸ்ல இங்க கேக்கச் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு காணாமப் பூட்டாரு."

அவள் பெயர் தைலம்மாள். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். கணவர் செல்லப்பனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவருக்காக வேண்டிக்கொண்டு அங்காளம்மனிடம் வந்தவர்கள், விடியும்போது ஸ்பெஷல் பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். அவரை ஒரு தூணோரம் நிற்கவைத்துவிட்டு இவள் கழிப்பறைக்குப் போயிருக்கிறாள். அங்கே வரிசை. திரும்பி வந்தபோது ஆள் இல்லை.

"பேரக் கேட்டா சொல்ல மாட்டாரு தம்பி. ஊரக் கேட்டாலும் சொல்ல முடியாது. போனும் கெடையாது."

ஜெஸிமா அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு கணவனிடம், "அந்த டிஸ்க்கக் கழட்டி சின்னதுல போட்டுப் பாத்துடலாங்க. சீக்கிரம் தெறக்கும்" என்றாள்.

"கழட்டி மாட்டறதுக்குள்ள இது பாதி முடிச்சிடும்."

"தேடற சோதனைய நாம இன்னும் செய்யலையேங்க."

ரபீக் அவளைத் திரும்பிப் பார்த்தான். வெளி ஆள் எதிரில் பேசாதே என்ற பார்வை. ஜெஸிமா வாயை மூடிக்கொண்டாள்.

அவன் பெரிய பெட்டியிலேயே தேடலைத் தொடங்கினான். விடியற்காலையிலிருந்து எல்லாக் கேமராக்களும். மின்விசிறிகள் இரைந்தன. திரையில் தூணோரம் தெரியும் முதல் கேமராவின் படம் வந்தது, நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடியும் நின்றது. வீடியோவைத் திறக்கும் மென்பொருள் இரண்டு கோர்களை மட்டும் மூச்சுமுட்ட வேலை வாங்கியது. மற்ற எட்டும் சும்மா இருந்தன. ரபீக் அதைக் கண்டான். ஏதாவது செட்டிங்கை மாற்றினால் எட்டும் எழுந்துவிடும் என்று நம்பினான். ஒன்றை மாற்றினான், பிறகு இன்னொன்றை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. "இதோ வந்துடும்மா" என்று தைலம்மாளிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். வாங்கிவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

நேரம் ஏற ஏற அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. சின்ன பெட்டியின் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தான். ஜெஸிமா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடிந்ததும் அவள் நேராக வந்து பெரிய பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஜெஸி..."

அவள் மூடியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் சின்ன பெட்டியில் மாட்டினாள். திறந்தது. விரலால் தள்ளத் தள்ளப் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ரபீக் ஒரு கோப்பை தண்ணீர் குடித்து வைப்பதற்குள் அவள், "அம்மா, இவரா பாருங்க" என்றாள்.

தைலம்மாள் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தாள். "அவருதான்."

தூணோரம் நின்றிருந்த செல்லப்பன் கூட்டத்தைப் பார்க்கிறார். மஞ்சள் புடவையும் சிவப்புக் கரையுமாக ஒரு பெண் அவரைக் கடந்து போகிறாள். அன்றைக்கு அந்த நிறத்தில் எத்தனையோ பேர். அவர் காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் நடக்கிறார். அவள் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற, அவரும் ஏறுகிறார். அடுத்த கேமராவில் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிந்தது. தளவானூர்.

ரபீக் தெரிந்தவர்களைப் பிடித்து அந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் போனில் பேசினான். கண்டக்டருக்கு நினைவிருந்தது. "அந்தம்மா புருஷன்னு நெனச்சேன். கூடவேதான் எறங்குனாரு. தளவானூருக்கு முன்னாடி, ஏரிக்கரை ஸ்டாப்புல." ஆட்டோ பிடித்தார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஜெஸிமாவும் ஏறிக்கொண்டாள். வெயிலில் தார் பளபளத்தது.

ஏரிக்கரை ஸ்டாப்பில் நிழலுக்கென்று ஒன்றுமில்லை. ஒரு கம்பத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது, அவ்வளவுதான். சற்றுத் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொன்னுசாமி என்பவரைக் கேட்டார்கள்.

"ஆமா, ஒரு ஆளு. அந்தப் பொம்பளை திரும்பிப் பாத்து, 'எங்கூட ஏன்யா வர்ற'ன்னு கத்திட்டு ஊருக்குள்ள பூட்டா. குடிச்சிருக்கான்னு நெனச்சிக்கினா போல. இவரு அங்கியே நின்னுக்கினு இருந்தாரு. கையால தண்ணி கேட்டாரு, குடுத்தேன். உச்சி வெயிலு வரைக்கும் அந்தக் கம்பத்தாண்டதான் இருந்தாரு. அப்பறம் ஏரிக்குள்ள எறங்கி அந்தாண்ட நடந்தாரு."

ஏரியில் தண்ணீர் இல்லை. வெடித்த சேற்றுக்கு நடுவே வேலிக்காத்தான் புதர்கள். ரபீக்தான் முதலில் பார்த்தான். செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. பத்தடி தள்ளி அவர், பக்கவாட்டில் படுத்தாற்போல், நிழல் விழாத பக்கம். ரபீக் குனிந்து மூக்கருகே கை வைத்தான். கழுத்தைத் தொட்டான். ஒன்றும் இல்லை.

தைலம்மாள் ஓடிவரவில்லை. நடந்து வந்தாள். மண்ணில் உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் அவர் வாயோரத்து மண்ணைத் துடைத்தாள். "இங்கதான் இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெஸிமா தன் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர்களுக்கு நிழல் காட்டிக்கொண்டு நின்றாள்.

உச்சி வெயில் வரை இருந்தார். ஆடு மேய்ப்பவர் சொன்ன அந்தச் சொல் ரபீக்கை விடவில்லை. செட்டிங்கை மாற்றி மாற்றி அவன் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த மனிதர் கம்பத்தடியில் நின்றிருந்தார். காலையிலேயே டிஸ்க்கை மாற்றியிருந்தால் ஆட்டோ அங்கே போயிருக்கும். ஜெஸிமா அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பெரிய பெட்டி மேசையிலேயே இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் தனியாகத் தைலம்மாளின் ஊருக்குப் போனான். அவள் வாசலில் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "வா தம்பி" என்று பக்கத்தில் இடம் காட்டினாள். அவன் உட்காராமல் சொன்னான்.

"காலையிலயே கண்டுபுடிச்சிருக்கலாம்மா. எங்கிட்ட ரெண்டு மெஷின் இருந்துது. எது சீக்கிரம் தெறக்கும்னு என் வூட்டுக்காரி சொன்னா. நான் கேக்கல. என்னுதுதான் பெருசுன்னு..."

தைலம்மாள் உரிப்பதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது என் காதுலயும் வுழுந்துது" என்றாள். "சின்னதுல போட்டா சீக்கிரம் தெறக்கும்னுச்சு. எனக்கு இந்த மெஷினப் பத்தி இன்னா தெரியும். ஆனா அது சரியாத்தான் சொல்லுதுன்னு அது மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. அதயும் பாருங்களேன்னு கேட்டுருக்கலாம். படிச்ச தம்பி, கோச்சிக்கினா தேட மாட்டாரோன்னு பயந்துக்கினு கம்முனு குந்திக்கினு இருந்தேன்."

"நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க."

"உன்ன மன்னிக்கறதுக்கும் மனசு வரல, வையறதுக்கும் வரல தம்பி. ரெண்டும் எனக்கு இப்ப முடியல." அவள் ஒரு கொட்டையை எடுத்து உடைக்காமல் கையில் வைத்திருந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தப் பொம்பளைக்குப் பின்னாடி போனாரே, அப்ப அவரு மூஞ்சி எப்பிடி இருந்துது? அன்னிக்கி இருந்த பதட்டத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

சந்தோஷமாக இருந்தார் என்று சொல்லிவிடலாம். அவள் கேட்க விரும்பியதும் அதுதான் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்குச் சொன்ன 'இதோ வந்துடும்மா' மாதிரி இன்னொரு பொய்யான உறுதியை அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"மூஞ்சி தெரியலம்மா. கேமரா முதுகுப்பக்கம் இருந்துது. ஆனா இடது கைய முன்னாடி நீட்டிக்கினே போனாரு. அந்தம்மா முந்தானைக்குக் கிட்ட."

தைலம்மாள் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தாள். "முந்தானையப் புடிச்சிக்கினுதான் நடப்பாரு. பக்கவாதம் வந்ததுலேந்து அப்பிடித்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் சத்தம்போட்டு அழுதாள். ரபீக் அவள் அழுது முடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது ஒரு பை மணிலாக்கொட்டையைக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெஸிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். தைலம்மாள் காதில் விழுந்தது என்று சொன்ன இடத்தில் கை நின்றது.

"நானும் ஒரு வாட்டி சொல்லிட்டு வுட்டுட்டேன். நீங்க மொறச்சீங்க, அதுக்கு மேல பேசல. அந்தச் சுவிட்ச அணைக்க எனக்கு மத்தியானம் வரைக்கும் ஆச்சு."

"இனிமே மொறச்சா நீ காத்துக்கினு இருக்காத" என்றான்.

"நீங்க மொறைக்காதீங்க."

சங்கக் கூட்டத்தில் ரபீக் நடந்ததை மறைக்காமல் சொன்னான். பதிவுகளைச் சேமிக்கப் பழைய சர்வர், திறந்து தேடப் புதுசு, டிஸ்க்கைக் கழற்றாமலே இரண்டும் பார்க்கும்படி ஒரு கேபிள் இணைப்பு. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டான். பொருளாளர் ஒப்புக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் விடியும் முன்பே இருவரும் கடையைத் திறந்துவிடுகிறார்கள். ஆளைத் தவறவிட்டால் எதிரே மருந்துக் கடை மாடிக்கு வரவும் என்று பேருந்து நிலையத்துத் தூண்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தேடும் இருக்கையில் ஜெஸிமா உட்காருகிறாள். ரபீக் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்கிறான். கீழே ஸ்பெஷல் பஸ்கள் வந்து வந்து ஜனத்தை இறக்கிவிட்டுப் போகின்றன. பெரும்பாலான மாதங்களில் யாரும் ஏறி வருவதில்லை.