கிருஷ்ணன்குட்டி உண்டோ?

பனச்சமூடு சந்தையில் உட்கார்ந்து முப்பது வருஷமாக மனு எழுதுகிறேன். தமிழிலும் எழுதுவேன், மலையாளத்திலும் எழுதுவேன். எத்தனையோ பேருக்குப் பட்டாவும் ரேஷன் கார்டும் வாங்கிக் கொடுத்த கை இது. செல்லபாய்க்கு மட்டும் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதபடி எழுதியவனே நான்தான்.

செல்லபாயின் அண்ணன் ராஜதாஸ் என் கூட்டுக்காரன், சிறுவயதுச் சிநேகிதன். ஐம்பத்திநாலு ஆகஸ்டில், எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலையில் நடந்த ஊர்வலத்துக்குப் போனான். திரும்பி வரவில்லை. அவன் அம்மா ரத்னபாய் ஒரு ஸ்டேஷன் பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள். ராஜதாஸ் என்று எவனையும் நாங்கள் பிடிக்கவில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்.

இரண்டு வருஷம் கழித்து எல்லை பிரித்தார்கள். கேட்டதில் கொஞ்சம் தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் கேரளத்திலேயே கிடந்தோம். அதன்பிறகு திருவனந்தபுரம் நாகர்கோவிலைக் கைகாட்டும், நாகர்கோவில் திருவனந்தபுரத்தைக் கைகாட்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் செல்லபாய் வந்து என் முன்னால் உட்காருவாள். நான் இரண்டு பாஷையிலும் எழுதிக் கொடுப்பேன். "அடுத்த வருசம் வாறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ரத்னபாய் சாகும்வரை சபையில் என் பேரைச் சொல்லி ஜெபித்தாளாம். அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றும்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் ராஜதாஸ் கேட்டான், "எலே, போலீசு பிடிச்சா என்னலே செய்ய?"

"எனக்க பேரச் சொல்லு, கிருஷ்ணன்குட்டிண்ணு. அப்பன் பொன்னப்பன், வீட்டுப்பேரு கிழக்கேவிளை. மலையாளத்துல சொல்லு, மக்கா. நம்ம கூட்டமில்லண்ணு விட்டுருவானுவ."

அன்று பையன்கள் பலரும் பேசிவைத்திருந்த தந்திரம்தான் இது. வாயில் இரண்டு பாஷை இருப்பவனுக்குப் பேரும் இரண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்ற திமிர். வெறும் பேர் சொன்னால் எவன் நம்புவான் என்று வீட்டுப்பேரையும் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுப்பேரைச் சொன்னால் போலீஸ் அந்த வீட்டுக்கே வரும் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

நானும் போகிறதாகத்தான் இருந்தது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. பயம்.

மறுநாள் காலையில் ஒரு கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்றார்.

"கிருஷ்ணன்குட்டி உண்டோ?"

அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பையன்களை இழுத்துக்கொண்டு போன நேரம். தன் மகன் எங்கும் போகவில்லை என்று காட்ட அப்பாவுக்கு அவசரம். "உண்டு சாறே. நேத்து முழுக்க வீட்டுலயாக்கும் கெடக்கான். எலே, வெளிய வா" என்றார்.

உள்ளே இருந்த எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ராஜதாஸ் எங்கோ என் பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். பின்வாசல் திறந்துதான் கிடந்தது. மரச்சீனித் தோட்டத்துக்குள் ஓடியிருந்தால், தேடிப் பார்த்துக் காணாமல், அப்பா சொன்னது பொய், பிடித்து வைத்திருப்பவன்தான் கிருஷ்ணன்குட்டி என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். நான் ஓடவில்லை. வெளியே வந்து கைகட்டி நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளில் ஏறிப் போனார். பிடிபட்டவன் சொன்னது பொய்ப்பேர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது வருஷ மனுக்களிலும் ராஜதாஸ், ராஜதாஸ் என்றே எழுதினேன்.

இந்த ஆகஸ்டில் செல்லபாய் வந்தபோது மூச்சு வாங்கினாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். "செத்தானா இருக்கானாண்ணு மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். எழுதப்போன பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்போ இத்தன வருசமும் பேரு தப்பாக்கும். சரியான பேரப் போட்டு எழுதுங்க."

எழுதினேன். பிடிபட்டபோது கிழக்கேவிளை பொன்னப்பன் மகன் கிருஷ்ணன்குட்டி என்று பேர் சொன்ன ஆளை என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதிய ஒரே உண்மையான மனு அதுதான்.

மூன்று மாதம் கழித்து, பதில் வந்ததா என்று கேட்க செல்லபாய் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்நேரம் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்றார். சின்ன வயசு. கையில் ஒரு காகிதம்.

"கிருஷ்ணன்குட்டி உண்டோ?"

வெளியே வந்தேன். "உண்டு. நான்தான்."

மனு மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது. கிருஷ்ணன்குட்டியைக் காணவில்லை, விசாரிக்கவும். நான் தொண்டை வறளும்வரை விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் எப்போதோ எரித்தாயிற்று, எனக்கு வந்த தாளில் இருப்பது இந்தப் பேர் மட்டும்தான், ஆள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறாரே என்றார். ஆள் உயிரோடு வீட்டில் இருக்கிறார், புகாரில் உண்மையில்லை என்று எழுதிக் கீழே என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். வேறு என்ன பேரைப் போடுவது?

அவர் போனபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். செல்லபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணைக்கும் இப்படித்தான் வெளிய வந்து நின்னியளா அண்ணா?"

"ஆமா."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாறேன் என்று சொல்லவில்லை.