உக்கும் லஞ்ச் சீற்

1.

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு சோற்றுப் பார்சல் வாங்கினேன். சோற்றைச் சுற்றியிருந்த லஞ்ச் சீற் என்கிற மெல்லிய தாளின் மூலையில் பச்சை இலைப் படம். கீழே ‘உக்கி மண்ணோடு மண்ணாகும்’ என்று அச்சடித்திருந்தது. இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை, இழுபட்டது. மண்ணாகப் போகிற சாமானுக்கு இவ்வளவு வைராக்கியம் எதற்கு?

(என் மனைவி கௌசலா இதை வாசித்துவிட்டு, “உங்களுக்குக் கோயில் திருநீற்றிலயும் சந்தேகம்” என்றாள். இருக்கட்டும். திருநீற்றை யாரும் பச்சைப் படம் போட்டு விற்பதில்லை.)

2.

முதல் வரி இப்படி வந்தது: ‘கணவனை இழந்த பிரேமிளா, முரசுமோட்டையில் ஒரு சிறிய கடையை—’

வெட்டிவிட்டேன். வன்னியில் கதைக்குள் வருகிற பெண்ணெல்லாம் கணவனை இழந்தே வரவேண்டும் என்று யார் சொன்னது? பிரேமிளாவின் புருஷன் சிவகரன் நல்ல சுகமாக இருக்கிறான், லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுகிறான், மத்தியானத்தில் குறட்டை விடுகிறான். கதைக்கு அவன் தேவையில்லை, அவ்வளவுதான்.

முரசுமோட்டையில் பிரேமிளா வைத்திருப்பது பலசரக்குக் கடை. அந்த லஞ்ச் சீற்றுக்கு அந்தப் பக்கத்து ஏஜென்ட் அவள்தான். கிளிநொச்சியில் கூட்டம் வைத்த கம்பனிக்காரன் தேநீரும் றோல்சும் கொடுத்து, “சனம் இப்ப பச்சையைக் கண்டால் விலை கேக்காது அக்கா” என்று சொல்லியிருந்தான். உண்மையாகவே யாரும் கேட்கவில்லை. பிரேமிளாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாங்க வந்தவர்களிடம் தானாகவே ஒரு வசனம் கட்டிச் சொல்லத் தொடங்கினாள்: “வாழையிலை மாதிரித்தான் அக்கா. ஒரு வித்தியாசமும் இல்லை.”

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. எழுதுகிறவன் என்ற உரிமையில் கேட்டேன்.

“நம்பித்தான் சொன்னனீரோ?”

“விக்கிற சாமானை நம்பாமல் எப்பிடி விக்கிறது?” என்றாள்.

கேட்டதற்கு இது பதில் இல்லை. அதற்குள் அவள் அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டாள்.

3.

பக்கத்து ஒழுங்கையில் நாகேஸ்வரி வீட்டில் அவளுடைய மாமியாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. காற்று அடித்து ஊரின் வாழையிலை எல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்த கிழமை அது. பந்தியில் பிரேமிளாவின் லஞ்ச் சீற்றை விரித்துத்தான் சோறு போட்டார்கள்.

(மாமியாரின் சாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நல்ல பக்கங்கள். மாடு காத்திருக்கிறது, விடுவோம்.)

சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலையை அள்ளி மாட்டுக்குப் போடுவது அங்கே வழமை. நாகேஸ்வரி அதைத்தான் செய்தாள். சோறும் பருப்பும் ஒட்டிய சீற்றுகளைக் கடகத்தில் அள்ளிப் போய்ச் சினைப்பசுவின் முன்னால் கொட்டினாள். பசு ருசித்துத் தின்றது. பிறகு அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு ஒருபக்கம் மத்தளமாக ஊதியது.

நாகேஸ்வரி கடைக்கு வந்து நின்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எழுத லேசாக இருந்திருக்கும்.

“பிள்ளை, வாழையிலை மாதிரி எண்டு நீதானே சொன்னனி. வாழையிலை எண்டால் நாங்கள் மாட்டுக்குத்தானே போடுவம்?”

பிரேமிளா கம்பனிக்காரனுக்குப் போன் அடித்தாள்.

“அக்கா, உக்கும் எண்டுதானே சொன்னம். தின்னலாம் எண்டு சொன்னமோ?”

“எங்க போட்டால் உக்கும் தம்பி?”

“அதுக்கெண்டு மெசின் வைச்ச இடம் இருக்கு. அங்க சூடாக்கித்தான் உக்க வைக்கிறது.”

“அந்த இடம் எங்க?”

“இஞ்ச இன்னும் வரேல்லை அக்கா.”

4.

முதலில் எழுதிய முடிவு: பசு தானாக எழும்பிச் சாணி போடுகிறது, நாகேஸ்வரி கண்ணீரோடு— பொய். கம்பனிக்காரன் எழுதினது மாதிரி இருக்கிறது.

அடுத்தது: பசு செத்துப்போகிறது, பிரேமிளா சீற்றையெல்லாம் முற்றத்தில் குவித்து நெருப்பு— சீ. எழுதுகிறவர்களுக்குத்தான் எதையாவது கொளுத்தினால் திருப்தி. பிரேமிளா விற்றுப் பிழைக்கிறவள்.

இப்போது நிற்கிற இடம் இது. நாகேஸ்வரி கடையில் நின்றபடியே மாட்டு டொக்டருக்குப் போன் அடித்தாள். விற்றவளே சொல்லட்டும் என்று போனைப் பிரேமிளாவிடமே கொடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மன் கோயில் பொருளாளர், பொங்கல் அன்னதானத்துக்கு லஞ்ச் சீற் ஓடர் கொடுக்கக் கடைக்குள் வருகிறார். போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது.

“என்னத்தைத் திண்டது எண்டு சரியாச் சொல்லுங்கோ. இலை குழை எண்டால் மருந்து பருக்கிப் பாப்பம். பொலித்தீன் எண்டால் இப்பவே வந்து வயித்தை வெட்டவேணும். சுணங்கினால் தாயும் இல்லை, வயித்துக் கண்டும் இல்லை.”

நாகேஸ்வரி பிரேமிளாவின் வாயையே பார்க்கிறாள். பொருளாளரும் பார்க்கிறார். ‘பொலித்தீன்’ என்று சொன்னால் இனிமேல் அந்தக் கடைக்குக் கோயிலும் வராது, ஊரும் வராது.

பிரேமிளா வீட்டிலும் ஆடு நிற்கிறது. ஒருநாளும் அவள் அதற்கு அந்தச் சீற்றைப் போட்டதில்லை. இதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

அவள் வாயில் ஒரு நல்ல சொல்லை நான் வைக்கலாம். வைத்தால் நீங்கள் அவளை நம்பிவிடுவீர்கள், எனக்கு அது பயமாக இருக்கிறது. ஆகவே போனை உங்களிடம் தருகிறேன். பிடியுங்கள். பொருளாளருக்கும் கேட்கும், பார்த்துப் பேசுங்கள்.

“கலோ,” என்கிறார் டொக்டர். “லைனில ஆரும் நிக்கிறியளோ?”