நாற்பது வருஷ மின்சார அனுபவம்

அரிசோனா பாலைவனத்தில் நாங்கள் குடியிருக்கும் கேம்பர் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு முகவரி கிடையாது. ஆனால் சாதி உண்டு. கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் மேல்; ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்கள் கீழ். நான் மேல்.

டெல்மர் ஸ்ட்ரௌட் கீழ். அந்தக் குறையை அவர் பேச்சில் ஈடுகட்டினார். யாரைப் பார்த்தாலும், "நாப்பது வருஷம் மின்சாரக் கம்பெனியில இருந்தவன் நான்" என்று ஆரம்பிப்பார். பில் அனுப்பும் பிரிவில் இருந்தார் என்பதை அவர் மனைவி லோர்னாதான் ஒருநாள் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

லோர்னாவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். அதை ஓட்டுவது வண்டியின் பேட்டரிகள். ஒகையோவில் இருக்கும் மகள் ப்ரெண்டா போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஒரே ஒரு ராத்திரி அது நின்னாலும் நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன், அப்பா." அவளுடையது ஒற்றை அறை வீடு. அதில் டெல்மருக்கு இடமில்லை.

பேட்டரிகளை ஏற்ற, தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் டெல்மரின் சின்ன ஜெனரேட்டர் ஓடும். அதற்கு மேல் ஓடினால் மேல்சாதிக்காரர்களான நாங்கள் எரிச்சலைக் காட்ட நாற்காலிகளைச் சத்தமாக மடிப்போம். ஒருநாள் சத்தம் தாங்காமல் நானே போனேன். போன இடத்தில் பார்த்தால், ஜெனரேட்டரின் பன்னிரண்டு வோல்ட் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி இரண்டு வயர் பேட்டரிக்குப் போகிறது.

"டெல், இதுல வர்றது சொட்டுத் தண்ணிய்யா. உன் வண்டியோட தடி கேபிளை அந்தப் பெரிய பாயின்ட்ல சொருகு. உள்ள இருக்கற சார்ஜர் மளமளன்னு ஏத்திடும்."

"நான் சொருகியிருக்கற ஓட்டைக்கு மேல என்ன எழுதியிருக்கு, படி."

"பேட்டரி சார்ஜ்னு."

"நான் எதை சார்ஜ் பண்றேன்?"

"பேட்டரியைத்தான்..."

"அப்புறம் என்ன? நாப்பது வருஷம்..."

உள்ளேயிருந்து லோர்னா எனக்குக் குரல் கொடுத்தாள். "விட்டுடு, வார்ட். அவரைக் கேட்டுட்டுத்தான் கரன்டே போகும்."

விட்டுவிட்டேன். இங்கே அடுத்தவன் வயரில் கை வைப்பது, அடுத்தவன் தட்டில் கை வைப்பதற்குச் சமம். சத்தத்தைப் பற்றிய புகாரை மட்டும் மறக்காமல் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் ஒரு மணி நேரம்தான் ஓட்டினார்.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் மெஷின் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் லோர்னாவைக் காப்பாற்றியது. காலி சிலிண்டரை மாற்ற வந்த ஆக்சிஜன் கம்பெனி ஆள் ப்ரெண்டாவுக்குத் தகவல் சொல்லிவிட்டான். சனிக்கிழமை வாடகைக் காரில் வந்து இறங்கினாள்.

"எப்படிப்பா நின்னுச்சு? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

டெல்மர் வாயைத் திறந்தார். கண் அந்த வயர்மேல் போனது. தப்பு அதில்தான் என்று இரண்டு நாளில் அவருக்கே புரிந்திருந்தது.

லோர்னா முந்திக்கொண்டாள். "அவர் ஒழுங்காத்தான்டி ஏத்தியிருந்தார். குளிருதுன்னு நான்தான் ராத்திரி பூரா ஹீட்டரைப் போட்டு வச்சுட்டேன். என் புத்தி."

அந்த ஹீட்டர் கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது. எனக்குத் தெரியும். டெல்மருக்கும் தெரியும். ப்ரெண்டா என் பக்கம் திரும்பினாள். நான் என் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா," என்றார் டெல்மர். "ஹீட்டர்தான்."

லோர்னா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக் காரில் ஏறினாள். கார் கிளப்பிய புழுதி அடங்கியதும் டெல்மர் என் பக்கம் திரும்பினார்.

"ஒகையோல இப்ப பனி விழுமா, வார்ட்?"

"விழும்."

"அவளுக்குக் குளிர் காத்து ஆகாது," என்றார். "அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."